உட்கார்ந்தே பேசிய வீடு

என் அக்காவின் முகத்தை நான் ஆசைதீரப் பார்த்ததெல்லாம் குள்ளமாக இருந்த வரைக்கும்தான். நான் வளர வளர அந்த முகம் என்னைவிட்டுப் போய்விட்டது. இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்று நினைக்கிறார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும். அவள் போய்ப் பல வருஷமாகிறது. இன்றைக்கும் ஏக்கம் வந்தால், ஏழு வயதுப் பிள்ளை மாதிரி அண்ணாந்து பார்த்தால்தான் அவள் முகம் எனக்கு ஞாபகத்தில் வருகிறது.

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். ஊர் என்றால் பத்துப் பதினைந்து வீடு, சுற்றிச் சாமைக்கொல்லை, நடுவில் புளியமரங்கள். என்னைப் பெற்ற கொஞ்ச நாளில் அம்மா ஜன்னி கண்டு செத்துப்போனாள். தாவணி போட்ட பெண்ணாக இருந்த அக்கா அடுப்படிக்கு வந்தாள். ஒருநாள் களி கிண்டும்போது தாவணி முனையில் நெருப்புப் பிடித்துக் கழுத்தும் மார்பும் வெந்துவிட்டன. கீழே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை. அப்பா தழை அரைத்துக் கட்டி, தேன் தடவி, எப்படியோ உயிரைப் பிடித்து நிறுத்தினார். புண் ஆறியது. ஆறும்போது தோல் சுருங்கிச் சுருங்கி, தாடையைக் கொண்டுவந்து நெஞ்சோடு சேர்த்துவிட்டது. கழுத்து என்று ஒன்று இருந்த இடமே தெரியாமல் போனது.

மாதக்கணக்கில் பாயில் கிடந்தவள் எழுந்து நின்ற அன்றைக்கு, எதிரில் நின்ற அப்பாவின் கால்தான் அவளுக்குத் தெரிந்ததாம்.

"அப்பா, உன் மூஞ்சி தெர்ல" என்றாளாம்.

அப்பா அப்படியே மண்ணில் குந்திவிட்டார். அன்றைக்குக் குந்தியவர்தான். அதற்குப் பிறகு அவளிடம் நின்றபடி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரைப் பார்த்து ஊரே பழகிக்கொண்டது. அக்காவிடம் பேச வந்தால் கிழவனோ குமரியோ, முதலில் உட்கார வேண்டும். அவசரமாக வருகிறவர்கள்கூட ஓடிவந்து, குந்தி, மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொல்வார்கள். வெளியூர் ஆள் யாராவது நின்றபடி பேசினால், "இன்னாய்யா மரியாத தெரியாத ஆளு?" என்று எங்கள் ஊர்க்காரர்கள் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள்.

அக்கா அழுமூஞ்சி இல்லை. வாய்க்காரி. ஊரில் சண்டை என்றால் அவளிடம்தான் பஞ்சாயத்து வரும். தரையையே பார்த்துப் பழகியதால் காலை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாள். எதிரில் யார் வந்தாலும் கால்விரலைப் பார்த்ததும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். செருப்பை மாற்றிக்கொண்டு வந்து ஏமாற்றப் பார்ப்போம். ஒன்றும் நடக்காது. "உன் சுண்டுவெரலு தனியா குடித்தனம் போன மாரி ஒதுங்கி நிக்குது, அத்த எந்த செருப்புல ஒளிப்ப?" என்பாள் என்னிடம்.

நான் சின்னவளாக இருந்தபோது இதெல்லாம் குறை என்றே எனக்குத் தோன்றவில்லை. குனிந்த அந்த முகத்துக்கு நேர்கீழே என் முகம் இருந்தது. உலகத்தில் வேறு யாரையும் நிமிர்ந்து பார்க்க முடியாத அக்கா, நாள் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும் அது? அந்தச் சுகத்தில் இருக்கும்போதே எனக்குக் கையும் காலும் நீள ஆரம்பித்தன. எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லாத உயரம். பத்து வயதில் அவள் தோளுக்கு வந்தேன். அப்புறம் நின்றால் அவள் உச்சி வகிடுதான் தெரிந்தது. அவளுக்கு என் வயிறு தெரிந்தது. நானும் மற்றவர்களைப் போலக் குந்திப் பேச வேண்டியதாகிவிட்டது. முதல் தடவை அப்படிக் குந்திய அன்று எனக்கு அழுகை வந்தது. ஏன் என்று அவள் கேட்டதற்கு, முள் குத்திவிட்டது என்றேன்.

ஒடுகத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தேன். பிறகு வேலூரில் கல்லூரி. லீவுக்கு வரும்போதெல்லாம் அக்கா என் காலைப் பார்த்து, "இன்னும் வளந்துட்ட போல, பாவாட மேல ஏறிக்கினு போவுது" என்பாள். "நீ நின்னா எப்டி இருப்பன்னு ஒருவாட்டி பாக்கணும்டி" என்றும் சொல்வாள். தள்ளிப் போய் நிற்பேன். அவள் இடுப்பை வளைத்துப் பின்னால் சாய்ந்து பார்ப்பாள். இடுப்பு வலிக்கும், சிரித்துக்கொண்டே விட்டுவிடுவாள். எனக்கும் அவளைப் பற்றி அதே ஆசைதான். எதிரெதிரே நின்று, முகத்தோடு முகம் பார்த்து ஒரு பேச்சு. அவ்வளவுதான். எனக்குப் பட்டம் கிடைத்தபோதுகூட இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளில் மெட்ராஸில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தோலுக்கு அடியில் இருக்கிற செல்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வளர்க்கிற இடம். சுருங்கிய வடுக்களிலிருந்து ஆபரேஷனில் வெட்டியெடுத்த துணுக்குகள் அங்கே வரும். அதனால்தான் அங்கே சேர்ந்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்ன?

காகிதத்தைவிட மெல்லிய ரப்பர் படலத்தில் அந்தச் செல்களை விடுவோம். வெறும் ரப்பரில் விட்டால் அவை ஒட்டாது. உருண்டு மிதந்து செத்துப்போகும். முதலில் ஓர் ஒட்டுப் புரதத்தைப் படலத்தின்மேல் பூச வேண்டும். அதன்பிறகு விட்டால், கொஞ்ச நேரத்தில் செல் பாதம் பாதமாக ஊன்றி, தட்டையாகப் பரவி உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன். ஒரு செல்லைச் சுற்றிலும் ரப்பர் சுருக்கம் சுருக்கமாக மடிந்திருந்தது. கண்ணுக்கே தெரியாத அந்த ஒன்று, பாதத்தை ஊன்றிக்கொண்டு தன்னைச் சுற்றியிருக்கிறதையெல்லாம் தன் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, நீதானா!" என்று சத்தமாகவே கத்திவிட்டேன். ஆய்வுக்கூடத்துக்குத் தலைவியான எங்கள் மேடம் திரும்பிப் பார்த்தார். அவரிடம் அக்காவைப் பற்றிச் சொன்னேன்.

மேடம் வேலூரில் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் சொல்லி அனுப்பினார். அப்பாவைச் சம்மதிக்க வைக்கப் பெரும்பாடு பட்டேன். அக்கா ஒரே வார்த்தையில், "போலாம்" என்று கிளம்பிவிட்டாள். ஒட்டியிருந்த வடுவை அறுத்துவிட்டு, தொடையிலிருந்து தோலெடுத்துக் கழுத்தில் வைத்தார்கள். தாடை நெஞ்சைவிட்டு எழுந்தது. அவள் எழுந்து நடமாடுவதற்குள் என் லீவு முடிந்து மெட்ராஸுக்கு ஓட வேண்டியதாகிவிட்டது. படுத்திருந்தவளின் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போனேன்.

வேலை அத்தோடு முடியவில்லை. வைத்த தோலும் சுருங்கத்தான் பார்க்கும். அதனால் கழுத்துக்குப் பதனிட்ட தோலில் ஒரு பட்டை போட வேண்டும். வாணியம்பாடியிலிருந்து ஒரு பாய் ஆஸ்பத்திரிக்கு வந்து பட்டை தைத்துக் கொடுப்பார். உள்ளே பஞ்சு வைத்து, தாடையைத் தாங்குகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நாளைக்கு ஒருமுறை போனால், முன்னதைவிட ஒரு விரல் உயரமாக வேறு பட்டை. அதிகமாக ஏற்றச் சொன்னால் ஏற்ற மாட்டார். "பதனம் பண்ண தோலுன்னா எவ்ளோ இஸ்த்தாலும் பேசாம இருக்கும்மா. இது உசுருள்ள தோலு, கோச்சிக்கும்" என்பாராம். அக்காவுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போய், அவரைப் போலவே பேசிக் காட்டுவாள்.

பொங்கலுக்கு லீவு கிடைத்ததும் நேராக வேலூருக்குப் போனேன். பட்டை மாற்ற அக்காவும் அப்பாவும் வந்திருந்தார்கள். புதுப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பாய் அப்படியே நின்றார்.

"இது ஒக்காராதும்மா. போன வாட்டி குத்ததே இப்ப டைட்டா இருக்குது. எறங்கிக்கினு வருது" என்றார்.

டாக்டர் அப்பாவிடம் எரிந்து விழுந்தார். பட்டையைப் போடுகிறதே இல்லையா என்று கேட்டார். ராத்திரி முழுக்கப் போடுகிறாள், கொல்லைக்குப் போகும்போது போடுகிறாள், சத்தியமாகப் போடுகிறாள் என்றார் அப்பா. இன்னும் சில மாதத்துக்குத்தான் அந்தத் தோல் இளக்கமாக இருக்கும், அதற்குள் எந்த அளவில் நிற்கிறதோ அதுதான் கடைசிவரைக்கும் என்று சொல்லிவிட்டார் டாக்டர். பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினோம். ஒடுகத்தூர் வந்ததும் அக்கா ஒன்று மட்டும் சொன்னாள்.

"திரும்பக் கீழ போனா போனதுதான். இன்னொரு வாட்டி என்னால கத்திக்குப் படுக்க முடியாதுடி."

ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு மலை ஏறினோம். வீடு வந்து சேர்ந்ததும் அக்கா பட்டையைக் கழற்றி மாடத்தில் வைத்தாள். வாயைத் திறந்து பேச வேண்டுமே! பட்டையோடு பேச முடியாது. டவுனுக்குப் போய்வந்த கதையைக் கேட்க ஒவ்வொருத்தராக வந்தார்கள். வந்தவர்கள் அவள் எதிரில் தரையில் குந்தினார்கள். அவள் குனிந்து பேச ஆரம்பித்தாள். ஒருத்தி எழுந்துபோனால் இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள். நான் வாசற்படியில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்கிறவரைக்கும் அக்காவின் தாடை நெஞ்சிலேயே இருந்தது.

எனக்குச் சுரீர் என்றது. ஆய்வுக்கூடத்தில் படலத்தை இரண்டு பக்கமும் பிடித்து, ஒரு திருகாணியை வைத்து மெல்ல மெல்ல இழுப்போம். வெடுக்கென்று இழுத்தால் பாதம் பிய்ந்து செல் செத்துப்போகும். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் அந்தப் பாதங்களுக்கு இழுப்பு தெரியும். சரிவில் ஏறும்போது நம் கால்விரல் மண்ணை இறுக்கிப் பிடிக்கிறதே, அதைப் போல இன்னும் பலமாக ஊன்றிக்கொள்ளும். இழுப்பு இருக்கிறது என்ற சேதி பாதம் வழியாகத்தான் செல்லுக்குள் போகிறது. அதைக் கேட்டுச் செல் பெருகும், நீளும், சுற்றிலும் புது நாரைப் பின்னிக்கொள்ளும். அப்படித்தான் தோல் வளர்ந்து கொடுக்கிறது. திருகாணியைத் தளர்த்திவிட்டால் போச்சு. தளர்ந்ததையெல்லாம் சுருட்டித் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ராத்திரியெல்லாம் பட்டை இழுத்துப் பிடித்திருந்ததை, பகலெல்லாம் எங்கள் ஊர் உட்கார்ந்து உட்கார்ந்து தளர்த்திக்கொண்டிருந்தது.

"ஏந்திரிங்க! எல்லாரும் ஏந்திரிங்க! இனிமே இந்த வூட்ல எவனாச்சும் குந்திப் பேசினா நான் மனுசியா இருக்க மாட்டேன்!" என்று கத்தினேன்.

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் கிடையாது. எல்லாரும் எழுந்து நின்று முழித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி, "மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கல போல கீது" என்றாள். அப்பா மட்டும் எழுந்திருக்கவில்லை. அக்காவின் காலடியில் உட்கார்ந்தே இருந்தார்.

அவருக்கு எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். அக்காவின் கழுத்துத் தோலுக்குள் பொடிப்பொடியாக உயிர்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பாதம் இருக்கிறது, நாம் பிடித்து இழுத்தால் அவை வளர்ந்துகொடுக்கும், விட்டுவிட்டால் சுருட்டிக்கொள்ளும் என்றேன்.

"நாம இழுக்கறது அதுங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"கண்ணு கீதா?"

"கண்ணு இல்ல. காலாலதான் தெரிஞ்சிக்கும்."

அப்பா அக்காவின் பாதத்தைப் பார்த்தார்.

"நான் நின்னா அவளுக்கு என் மூஞ்சி தெரியாதே" என்றார். அவருடைய குரல் அவ்வளவு சின்னதாகிப் போனதை நான் கேட்டதில்லை. அத்தனை வருஷமாக அவர் குந்தியது மரியாதைக்கும் இல்லை, வசதிக்கும் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. களி கிண்டச் சின்னப் பெண்ணை விட்டுவிட்டு அவர் கொல்லைக்குப் போயிருந்த நேரத்தில்தான் அந்த நெருப்புப் பிடித்தது.

"தெரியாட்டி அவ நிமுந்து பாக்கணும்பா. அதுக்குத்தான் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் காலையில் அப்பா வந்து அக்காவின் முன்னால் நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாப்பா, குந்து" என்றாள் அக்கா.

"இல்லம்மா. நீ பாரு."

அக்கா மெல்லத் தாடையை எடுத்தாள். தோல் இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவர் சட்டைப் பொத்தான்வரைக்கும்தான் அவளால் போக முடிந்தது. மேலே போக எத்தனித்தபோது நான்தான் நிறுத்தினேன். பதறினால் பிய்த்துக்கொள்ளும், இன்றைக்கு இது போதும் என்றேன். அப்பா அந்தப் பொத்தானைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வெளியே போனார்.

அதற்கப்புறம் எங்கள் ஊர் பண்ணிய கூத்து இருக்கிறதே! உட்காரக் கூடாது என்று சொன்னதும், நிற்பதோடு விடவில்லை. பிள்ளைகள் புளியமரக் கிளையில் ஏறிக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார்கள். பாறைமேல் நின்றுகொண்டு ஒருத்தி மருமகள்மேல் புகார் சொன்னாள். எவனோ கூரைமேல் ஏறிப் பஞ்சாயத்து பேசி, அப்பாவிடம் திட்டு வாங்கினான். காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கக் கொல்லையில் கட்டியிருந்த பரண்மேல் நான் உட்கார்ந்துகொள்வேன். அக்கா கீழே நிற்பாள். என் காலில் ஆரம்பித்து, முட்டி, மடி என்று ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலே வந்தாள். "ஒருநாளாச்சும் கழுத்து வலிக்காம தூங்கவுடுங்கடி சண்டாளிங்களா" என்று திட்டுவாள். திட்டிவிட்டு மறுநாளும் வந்து நிற்பாள். செல்லின் அந்தப் பாதங்களுக்கு மேல்நாட்டில் இன்டெக்ரின் என்று பேர் வைத்த பிறகு அவளிடம் சொன்னேன். "இன்னா பேருடி அது, தலவலி மாத்திர மாரி" என்றாள்.

அவள் பார்வை என் மடியைத் தாண்டுவதற்குள் லீவு முடிந்துவிட்டது. மெட்ராஸுக்குத் திரும்பினேன். கூப்பிட்டுக் கேட்க எங்கள் ஊரில் போன் ஏது? காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் திருகாணியை ஒரு நூல் அளவு திருப்புவேன். இந்நேரம் யார் மரத்தில் ஏறியிருப்பார்கள், அக்கா எதுவரைக்கும் வந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். செல்களை மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது, கண்ணும் கெட்டுக் கண்ணாடி வந்தது. எனக்கு வேலையே ஓடவில்லை. ஊருக்குப் போக வேண்டும், அக்காவைப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஏக்கமாக இருந்தது. அதை யாரிடமும் சொல்லவும் வெட்கமாக இருந்தது. கழுதை வயதாகிறது, அக்கா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அழுகிறாயே என்றுதானே கேட்பார்கள்?

புளி உலுக்கி முடிந்த பிறகுதான் ஊருக்கு வர முடிந்தது. வருகிற நாளைக் கடுதாசியில் எழுதியிருந்தேன். அன்றைக்கு என் அதிர்ஷ்டம், மலைக்கு பஸ் ஓடியது. கடைசித் திருப்பத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பஸ் நிற்கிற இடத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ ஒரு பெண், பட்டையில்லாமல், தலையை நேராக வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் இது, நல்ல லட்சணமாக இருக்கிறாளே என்றுதான் முதலில் நினைத்தேன்.

கூட்டத்தோடு கூட்டமாக இறங்கினேன். அக்கா இறங்குகிறவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் முகத்துக்கு வந்தாள். எந்தப் பார்வைக்காக இத்தனை வருஷம் ஏங்கினேனோ, அந்தப் பார்வை என்மேல் ஒரு நொடி நின்றது. பிறகு அடுத்த முகத்துக்குப் போய்விட்டது.

இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டேன். கூப்பிடக்கூட வாய் வரவில்லை. கண்ணாடி போட்ட நெட்டச்சி ஒருத்தியை அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்த என் முகம் உட்கார்ந்த முகம். நின்ற முகத்தை அவள் பார்த்ததே இல்லையே.

கடைசி ஆளும் இறங்கியாயிற்று. அக்கா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். என்னைக் கண்டுகொண்ட அப்பா, அவளே கண்டுபிடிக்கட்டும் என்று சிரித்துக்கொண்டு நின்றார். பிறகு பழைய வழக்கப்படி தலையைக் குனிந்து, மண்ணில் நின்ற கால்களைப் பார்த்தாள். ஒரே நொடிதான். நேராக என்னிடம் வந்தாள்.

"தே, இங்கதானடி நிக்கிற!"

என் முட்டி தானாக மடங்கியது. பாதி குந்திவிட்டேன். அவள் என் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்தினாள்.

"குந்தாத. நில்லுடி. நான் பாக்கணும்."

நின்றேன். அவள் என் ஒதுங்கிய சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள். முட்டி, இடுப்பு, தோள் என்று அவசரமில்லாமல் மேலே வந்தாள். தாடைக்குக் கீழே தொடைத்தோல் வைத்து ஒட்டிய இடம் மெல்ல விரிந்துகொடுத்தது. என் முகத்துக்கு வர அவள் இன்னும் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"எம்மாம் ஒசரம்டி நீ" என்றாள்.